போடி லைனுக்கு ஒப்பாரி

அன்னக்கொடியைப் பற்றிச் சொல்ல வந்தால் முதலில் அவள் குரலைத்தான் சொல்ல வேண்டும். உசிலம்பட்டிக்கு மேற்கே, கடலைக்காட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவரை இந்தப் பக்கம் நின்றபடியே சோற்றுக்குக் கூப்பிடும் குடும்பத்தில் பிறந்தவள். அப்படிப்பட்டவளைப் பிடித்து, காதில் ஒரு கருவியை மாட்டி, மெதுவாகப் பேசு என்று டெலிபோன் ஆபரேட்டர் வேலையில் உட்கார வைத்தது அரசாங்கம். தேர்வு செய்த புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

எழுபத்தேழாம் வருடம் அவள் எங்கள் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தாள். எந்த எக்ஸ்சேஞ்ச் என்று கேட்காதீர்கள். மதுரைக்குள், தல்லாகுளத்தில் பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் இருந்தது, அது போதும். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எங்கள் முன்னால் ஆளுயரப் பலகை, அதில் வரிசையாகத் துளைகள், துளைக்கு மேலே சின்ன விளக்கு. விளக்கு எரிந்தால் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பொருள். கயிற்றை எடுத்து இந்தத் துளையில் ஒரு முனை, அந்தத் துளையில் ஒரு முனை செருகி, இரண்டு ஊரைச் சேர்த்துவிட வேண்டும். கைக்கு அருகில் ஒரு கீ இருக்கும். அதைத் தள்ளினால் நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கும், இழுத்து மூடினால் கேட்காது. வேலை இவ்வளவுதான். கேட்டால் சுலபமாகத்தான் இருக்கும்.

உட்கார்ந்து பார்த்தால் தெரியும் சேதி. மழைக்காலத்தில் லைன் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிடும். விளக்குகள் மட்டும் படுக்காது. ஏலக்காய் மண்டிக்காரர் கத்துவார், வக்கீல் வீட்டம்மா கத்துவார், துபாயிலிருந்து மகன் பேசுவானென்று காலையிலிருந்து காத்திருக்கும் தகப்பனார் அழுவார். இவர்கள் அத்தனை பேருக்கும் கம்பி, மழை, மின்சாரம் எல்லாமே நாங்கள்தான். அவர்கள் திட்டுவது எங்களைத்தான்.

இந்த அவதியை ஆளுக்கு ஒரு விதமாகச் சமாளித்தோம். என் வழி, கீயை மூடிவிட்டுத் திட்டுவது. என் பெயர் சீனியம்மாள், பசுமலைக்காரி, பெயரில் மட்டும்தான் சீனி. என் வாயால் எத்தனையோ மண்டி முதலாளிகள் வேட்டியில்லாமல் நடுத்தெருவில் நின்றிருக்கிறார்கள். பாவம், அவர்களுக்குத் தெரியாது. எங்கள் மெக்கானிக் மருது வேறு ஜாதி. லைன் போச்சு என்று சொன்ன மறு நிமிடம் ஆளைக் காணோம்; டீக்கடைக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும். அங்கே இரண்டு டீயும் ஒரு வடையும் உள்ளே போன பிறகுதான் அவருக்கு எந்த ஸ்குரூ கழன்றிருக்கும் என்று புரியும். குறை சொல்ல முடியாது, வந்தால் சரி செய்துவிடுவார்.

சூப்பர்வைசர் லலிதாம்பாள் இருக்கிறாரே, அவர் வழிதான் எங்களுக்குப் பிடிபடாது. தெப்பக்குளத்துப் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் அவர்கள் மொழி, ஆபீசில் அச்சடித்த தமிழ். எங்களுக்கு எவ்வளவு நெருக்கடியோ அவ்வளவுக்கு அவர் அமைதியாகிவிடுவார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ட்ரங்க் கால் விவரம் எழுதி மேஜைமேல் வைத்திருக்கும் டிக்கெட்டுகளை ஓரம் பார்த்து அடுக்குவார். நேராகத்தானே இருக்கிறது என்று நினைப்போம், மறுபடியும் அடுக்குவார். மேலே இருக்கிறவர்கள் போனில் அவரைக் காய்ச்சி எடுப்பார்கள். "சரி சார், பார்க்கிறேன் சார்" என்பதைத் தவிர வேறு வார்த்தை வராது. மத்தியானம் தயிர்சாத டப்பாவைத் திறந்து, ஒரு வாய் வைத்து, மூடிவிடுவார். வயிற்றில் புண் என்று டாக்டர் சொன்னதைக்கூட யாருக்கும் சொல்லவில்லை. மாத்திரை அட்டையைப் பார்த்து நாங்களாகக் கண்டுபிடித்துக்கொண்டோம்.

அன்னக்கொடிக்கு ஆரம்பத்தில் எந்த வழியும் தெரியவில்லை. வந்த புதிதில் திட்டு வாங்கிவிட்டுக் குளியலறையில் போய் நின்று மூக்கைச் சிந்துவாள். ஒருநாள் தேனி லைன் படுத்துவிட்டது. அன்றைக்கென்று பார்த்துத் தேனிக்குப் பேச ஊரே வரிசையில் நின்றது. சாப்பாட்டு இடைவேளையில் ஓய்வறைக்கு வந்தவள் டிபன் கேரியரைக்கூடத் திறக்கவில்லை. தரையில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு கையைக் காதுப் பக்கம் வைத்துத் தலையை ஆட்டி, இழுத்துப் பாட ஆரம்பித்துவிட்டாள். என்ன பாட்டு என்கிறீர்கள்? செத்துப்போன தேனி லைனுக்கு ஒப்பாரி.

அவள் அம்மா அந்தப் பக்கத்து ஊர்களில் பேர்போன ஒப்பாரிக்காரி. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஆள் வந்து கூட்டிப் போவார்கள். கூடப் போய்க் கேட்டுக் கேட்டு மகளுக்கும் வந்துவிட்டது. தேக்குக் கம்பமே சாஞ்சீரோ என்றும், தேனி போன வழி மறந்தீரோ என்றும் அவள் மாரில் அடித்துக்கொண்டு பாட, எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் அதற்குப் பிறகு பலகைக்குத் திரும்பிப் போனபோது எனக்கு ஒரு மண்டிக்காரரையும் திட்டத் தோன்றவில்லை. அவளும் தெளிந்துபோய், "சொல்லுங்கண்ணே, எந்த ஊரு வேணும்" என்று கேட்கிறாள்.

அன்றிலிருந்து தினம் ஒரு சாவு. எரிந்த ஃப்யூஸுக்கு, ஊசிப்போன சாம்பாருக்கு, காணாமல் போன குடைக்கு, ஓட்டை விழுந்த குடத்துக்கு. இழவு விழாத நாளில், "இன்னைக்கு யாருடி போனது" என்று நாங்களே கேட்டுப் போவோம். லலிதாம்பாள் மட்டும் வாசலில் வந்து நிற்பார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமாக இது என்ன பழக்கம், அன்னக்கொடி. சத்தம் வெளியே கேட்கிறது" என்பார். அன்னக்கொடி குரலைக் குறைப்பாள். அவள் குறைத்தால் அடுத்த தெரு வரைதான் கேட்கும். லலிதாம்பாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்.

அவளுக்கு அந்த வேலை மேல் உயிர். காரணம் இருந்தது. அவள் அய்யா சிவனாண்டி மகளை வேலைக்கு அனுப்பியதே அரை மனதோடுதான். தாய்மாமன் மகன் ஒருவன் மாடு வாங்கி விற்றுக்கொண்டிருந்தான். கட்டிக்கொண்டால் வேலைக்கெல்லாம் போகக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டான். அய்யா ஒரு கெடு வைத்திருந்தார்: வருகிற தைக்குள் வேலை நிரந்தரமானால் அவள் இஷ்டம், ஆகவில்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து கழுத்தை நீட்ட வேண்டும். "மாப்ள நல்லவன்தான் சீனியக்கா. ஆனா அவன் வீட்டுல எரும மாட்டத் தவிர எங்கிட்ட வேற யாரும் பேச மாட்டாக" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஊர் ஊராகக் குரல் கேட்டுப் பழகியவள். அவள் பயம் எனக்குப் புரிந்தது.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த ஐப்பசி மழை வருகிற வரை.

அன்று போடி லைன் படுத்துக் கிடந்தது. மற்ற லைன்களிலும் ஒரே கரகரப்பு. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்துத் தபாலாபீசிலிருந்து நல்லகாமன் என்பவர் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் பேச வேண்டுமென்று பதிவு செய்திருந்தார். அவர் தகப்பனார் விருமாண்டிக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருந்தது. எப்படி இருக்கிறார் என்று கேட்கத்தான் அந்தக் கால். அன்னக்கொடி கயிற்றைச் செருகினாள். ஆஸ்பத்திரிப் பக்கம் மணி அடிக்கிறது, அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை.

"தயவுசெய்து காத்திருக்கவும்" என்று சொல்ல வேண்டுமென்பது லலிதாம்பாள் போட்ட சட்டம். அன்னக்கொடிக்கு அது வாயில் நுழையாது. 'கொஞ்ச நேரம்' என்பதற்கு அவள் ஊரில் 'செத்த' என்பார்கள்.

"செத்த இருங்க" என்றாள்.

"என்னாது?" என்றார் நல்லகாமன்.

"செத்த இருங்கங்கேன். இந்தா, இப்ப எடுத்துருவாங்க."

"எடுத்துருவாங்களா? அதுக்குள்ளயா?"

"எம்புட்டு நேரம் ஆச்சு. இன்னமும் எடுக்கலைன்னா எப்பிடி?"

எங்கள் பக்கம் இழவு வீட்டில் போய் முதலில் கேட்பதே, எப்ப எடுக்குறாக என்பதுதான். கரகரப்பில் 'செத்த' ஒன்று காதில் விழுந்து, 'எடுத்துருவாங்க' இன்னொன்று விழுந்தால் பதற்றக்கார மனிதர் என்ன நினைப்பார்? நல்லகாமன் நல்ல மனிதர், ஆனால் ஊரில் ஆடு இருமினால்கூட வைத்தியரைத் தேடி ஓடுகிறவர். "நாங்க வார வரைக்கும் எடுக்க வேணாம்னு சொல்லுங்க தாயி" என்று கேட்டிருக்கிறார். அன்னக்கொடிக்குக் கடைசி வார்த்தை மட்டும் கேட்டது. "சொல்றேன், சொல்றேன்" என்றுவிட்டாள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்ததால், கீயை மூடிவிட்டோம் என்ற நினைப்பில், மத்தியானம் ஓய்வறையில் போடி லைனுக்குப் பாடிய ஒப்பாரியையே அவள் பாட்டுக்கு மறுபடி முணுமுணுக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நானும் ரசித்துக்கொண்டிருந்தேன்.

கூப்பிட்டாக் கொரல் கொடுப்பீக, என் ராசாவே,
கூவுறனே கேக்கலையோ?
மணியடிச்சாப் பேசுவீக, என் மன்னவரே,
மழை வந்து சாச்சிருச்சோ?

கீ திறந்தே இருந்திருக்கிறது. அந்தப் பக்கம் தபாலாபீசில் நல்லகாமன் ரிசீவரைத் தொங்கவிட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு தெருவில் ஓடிவிட்டார். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒருவழியாகப் போனை எடுத்தபோது தபாலாபீஸ் பக்கம் ஆள் இல்லை. அன்னக்கொடி டிக்கெட்டில் அதை எழுதிவிட்டு அடுத்த விளக்குக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நடந்ததை மதுரையில் கேட்காதவர்கள் கிடையாது. ஒரு லாரி வந்து நின்றது. லாரி நிறைய ஜனம், கொட்டு, ஆளுயர மாலை, சம்பந்தி வீட்டார் கொண்டுவந்த கோடி வேட்டி. பெண்கள் இறங்கிய இடத்திலேயே ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். விருமாண்டிக் கிழவனார் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஹார்லிக்ஸ் குடித்துக்கொண்டிருந்தார். யாரோ பாவம் போய்விட்டார்கள், நம்ம ஊர் ஜனம் போலத் தெரிகிறதே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து வந்தார். கூட்டத்தின் ஓரத்தில் ஒருவர் சுவரில் முட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். கிழவனார் அவர் தோளைத் தொட்டார்.

"யாருப்பா போனது?"

"எங்கண்ணே போயிட்டாருப்பா."

"எந்த அண்ணே?"

"எனக்கு இருந்ததே ஒரே அண்ணேதான்" என்று மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தால், எதிரே அதே அண்ணன் ஹார்லிக்ஸ் தம்ளரோடு நிற்கிறார். அழுதவர் அவருடைய தம்பி காளை. கிணற்றில் யார் மோட்டார் போடுவது என்ற சண்டையில் இரண்டு பேரும் வருடக்கணக்காக முகத்தில் முழிக்காமல் இருந்தவர்கள். காளை அண்ணன் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு இருவரும் கட்டிக்கொண்டு அழுத அழுகையைப் பார்த்து, விஷயம் தெரியாத கொட்டுக்காரர்கள் அடிக்கத் தொடங்க, நர்சுகள் வந்து விரட்டினார்கள். கிழவனார் கோடி வேட்டியைத் திருப்பித் தரவில்லை. கட்டிக்கொண்டுதான் ஊர் போனார்.

ஊரே சிரித்தது. சிரிக்காதவர் நல்லகாமன் ஒருவர்தான். உசிரோடு இருக்கும் அப்பனுக்கு லாரி பிடித்தவன் என்று பேர் வந்துவிட்டது. கடைக்குப் போனால், "யாருக்கும் இழவு சொல்லி விடணுமா மாப்ள" என்று கேட்கிறார்களாம். அவமானம் தாங்காமல் மேலதிகாரிக்குப் புகார் எழுதிப் போட்டுவிட்டார். பொறுப்பில்லாத ஆபரேட்டர், ஆபீசில் ஒப்பாரி, குடும்பத்துக்கு மன உளைச்சல். எல்லாம் உண்மைதான், என்ன செய்வது?

அன்னக்கொடிக்கு மெமோ வந்தது. விசாரணைக்குப் பெரிய இன்ஜினியர் வருவார், அதுவரை நிரந்தரப் பேச்சே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சேதி ஊருக்கும் எட்டி, அய்யா சிவனாண்டி வந்து ஆபீஸ் வாசலில் நின்றார். மகளைத் திட்டவில்லை. "வந்துரு தாயி. இம்புட்டு அசிங்கம் நமக்கு எதுக்கு?" என்றார். அதுதான் அவளுக்கு மிகவும் வலித்தது.

அவள் பாட்டை நிறுத்தினாள். பேச்சையும் நிறுத்தினாள். "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று சுத்தமாகச் சொன்னாள். ஓய்வறையில் டிபன் மூடிகளின் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. அப்போதுதான் எங்கள் லட்சணம் எங்களுக்குத் தெரிந்தது. மருது மத்தியானம் டீக்கடைக்குப் போனால் சாயங்காலம்தான் தலை தெரிந்தது. என் திட்டு நாளுக்கு நாள் நீண்டு, வீட்டுக்கும் கூட வந்து, என் புருஷன் இரண்டு நாள் தங்கை வீட்டில் போய்ச் சாப்பிட்டார். லலிதாம்பாள் டப்பாவைத் திறப்பதையே விட்டுவிட்டார். அடுக்கிய டிக்கெட்டையே அடுக்கிக்கொண்டிருந்தார்.

விசாரணை நாள் வந்தது. சூப்பர்வைசர் அறையில் பெரிய இன்ஜினியர் உட்கார்ந்தார். வடக்கே எங்கேயோ பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்த தமிழர். அவருக்கும் ஒரு பழக்கம் இருந்தது: பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பார். சாட்சிகளாக நானும் லலிதாம்பாளும் நின்றோம். அன்னக்கொடி சுவரோரம். நல்லகாமன் வெள்ளைச் சட்டையில் வந்தார். அவர் பின்னால், யாரும் கூப்பிடாமலே, விருமாண்டிக் கிழவனாரும் தம்பி காளையும் வந்தார்கள்.

"நீங்கதான் அந்தப் பெரியவரா? இந்தச் சம்பவத்தால உங்களுக்கு மன உளைச்சல் ஏற்பட்டதா?" என்று இன்ஜினியர் கேட்டார்.

"எனக்கு என்னாங்க உளைச்சல்? செத்தா எத்தன பேரு வருவாகன்னு எல்லாருக்கும் ஒரு நெனப்பு இருக்கும்ல. நான் கண்ணாரப் பாத்துட்டேன். இந்தா, இவன் வந்தான்" என்று காளையைக் காட்டினார்.

"அப்புறம் எதுக்கு வந்திருக்கீங்க?"

"அந்தப் பாட்டக் கேக்கணும். எம் மகன் ஒருத்தன் காதுல கேட்டு, லாரி நெறையச் சனத்த அழ வச்சிருக்கான்னா அது எப்பேர்ப்பட்ட பாட்டா இருக்கும்? எனக்குப் பாடுனத நான் கேக்காமப் போனா நியாயமா, சொல்லுங்க."

அன்னக்கொடி தலையைத் தூக்கினாள். "ஐயா, மன்னிச்சுக்கிருங்க. அது உங்களுக்குப் பாடுனது இல்ல. போடி லைனுக்குப் பாடுனது."

இன்ஜினியர் சீவிக்கொண்டிருந்த பென்சில் முனை முறிந்தது. "எதுக்கு?"

"லைன் செத்துப்போச்சுங்க. அதுக்கு."

"சரி, பாடு" என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. "நீ என்ன பாடினேன்னு எனக்குத் தெரியணும். தெரியாம என்னத்தை எழுதுறது?"

அன்னக்கொடி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி திறந்தாள். காற்றுதான் வந்தது. கடலைக்காட்டைத் தாண்டிக் கூப்பிட்ட குரல், வேலை போகிற பயத்தில் தொண்டையிலேயே நின்றுவிட்டது. கண் மட்டும் என்னைப் பார்த்தது. எனக்குத் திட்டத் தெரியும், பாட வராது. அந்த நிமிடம்போல என்னை நானே நொந்துகொண்டது கிடையாது.

அப்போது லலிதாம்பாள் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். துடைக்காமல் மேஜைமேல் வைத்தார். நின்றபடியே, இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, பாட ஆரம்பித்தார்.

"கூப்பிட்டால் குரல் கொடுப்பீர், என் ராஜாவே..."

அச்சடித்த தமிழில் ஒப்பாரி. அவர்கள் வீட்டு மொழியின் இழுப்பு வேறு. மெல்லிய குரல், ராகம் அங்கங்கே சறுக்கியது. ஆனால் ஒரு வரி விடவில்லை. நெருக்கடியில் வார்த்தை வராத மனுஷி, பெரிய இன்ஜினியர் முகத்தைப் பார்த்து இரண்டாவது அடியையும் எடுத்தார். வாசலில் எட்டிப் பார்த்த மருது அன்றைக்குத்தான் டீக்கடையை மறந்து நின்றார்.

"மணி அடித்தால் பேசுவீர், என் மன்னவரே, மழை வந்து... மழை வந்து நனைத்ததோ?"

"நனைச்சதோ இல்லக்கா" என்றாள் அன்னக்கொடி. குரல் எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது. "சாச்சிருச்சோ. அங்க இழுக்கணும்."

"நீ இழு" என்றார் லலிதாம்பாள்.

அவள் இழுத்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் அதிர்ந்தது. விருமாண்டிக் கிழவனார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாட்டுன்னா இதுதான்டா பாட்டு. நீ லாரி பிடிச்சதுல தப்பே இல்ல" என்று மகனிடம் சொன்னார். நல்லகாமன் அவ்வளவு நாளும் சிரிக்காத சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "நான் எழுதிக் குடுத்தத திருப்பித் தந்துருங்க சார்" என்றார்.

இன்ஜினியர் மட்டும் சிரிக்கவில்லை. லலிதாம்பாளைப் பார்த்தார். "ஆபீஸ்ல இந்த மாதிரி நடக்குதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் சார். தினமும் வாசலில் நின்று கேட்பேன்."

"கண்டிக்கலையா?"

"சத்தத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். நிறுத்தச் சொன்னதில்லை." அதற்குப் பிறகு அவர் அச்சுத் தமிழை விட்டுவிட்டார். "நானும் வருசக்கணக்கா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன், சார். கீழ இருக்கறவங்க திட்டினாலும், மேல இருக்கறவங்க திட்டினாலும் வாயத் திறந்ததில்ல. என்னால முடியாது. அந்தப் பொண்ணு எனக்கும் சேத்துத்தான் அழுதுகிட்டிருந்தா. அவள அனுப்பினீங்கன்னா நான் எங்க போய் அழுவேன்?"

பலகைப் பக்கம் விளக்குகள் எரிந்துகொண்டிருப்பது கதவு வழியாகத் தெரிந்தது. இன்ஜினியர் பென்சிலைக் கையில் எடுத்தார். சீவவில்லை, எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார்: கீயை மூடாமல் விட்டதற்கு எச்சரிக்கை; இனிமேல் பாட்டு ஓய்வறைக்குள் மட்டும்; பணி நிரந்தரத்துக்கு இதனால் தடை ஏதுமில்லை.

'தடை ஏதுமில்லை' என்பதை அன்னக்கொடி இரண்டாவது தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு அழுதாள். ராகம் இல்லை, வார்த்தை இல்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை, சின்னப் பிள்ளைபோல வாயைக் கோணிக்கொண்டு அழுதாள். லலிதாம்பாள் அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர் தோளும் குலுங்கியது. அந்த அம்மாள் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு பேரும் அழட்டும் என்று விட்டுவிட்டு, பலகையில் அவள் விளக்குகளையும் சேர்த்து நானே போய்ப் பார்த்துக்கொண்டேன்.